பிள்ளையின் கண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: தோட்டத்திலிருந்து கண் கிளினிக் வரை

அக்கா மகனுக்கு வலக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிய வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. அக்கா குவைத்தில் இருக்கிறாள். மூன்று வயதிலிருந்து அவனை வளர்ப்பது நான்தான். இலங்கை மலையகத்தில், போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. தினமும் இருபது குழந்தைகளின் முகத்தைப் பார்க்கிறவள் நான். அப்படியும் தெரியவில்லை. அவன் எதிலும் தடுமாறியதில்லை. கிரிக்கெட் ஆடினான், கொப்பியில் கோடு தவறாமல் எழுதினான், டீவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்ததுமில்லை. இடக் கண் நன்றாக இருந்தது. அந்த ஒரு கண்ணே இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்து வந்தவனுக்கு, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்ற நினைப்பு.

டொக்டர் சொன்னது இதுதான்: வலக் கண்ணில் பிளஸ் ஐந்து பவர், இடக் கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வலக் கண்ணிலிருந்து வரும் படம் மங்கலாக இருப்பதால் மூளை அதை ஒதுக்கிவிட்டது. இதைச் சோம்பல் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் தேறும். அதற்குப் பிறகு வைத்தியம் செய்தாலும் மெதுவாகத்தான் தேறும், முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அந்த இரண்டு வருடங்களை நாங்கள் இழந்தோம். உங்கள் பிள்ளை இழக்கக்கூடாது என்றுதான், எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும், எங்கெல்லாம் சறுக்கும் என்பதை எல்லாம் எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டிலேயே, ஒரு கண்ணை மூடி

காசு செலவில்லாத வேலை இது. மூன்றரை, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் இன்றைக்கே செய்யலாம்.

பெரிய எழுத்துக் கலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். லயக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடிதான், உள்ளே தூரம் போதாது. வாசலில், பகல் வெளிச்சத்தில், இருபதடி தள்ளிப் பிள்ளையை நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடி இலக்கங்களைக் கேளுங்கள், அப்புறம் மற்றக் கண். இலக்கம் தெரியாத பிள்ளை என்றால் உங்கள் கையில் எத்தனை விரல் என்று கேளுங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் நாம் பார்க்கிறோம்.

பிள்ளையின் உள்ளங்கையால் மூடச் சொல்லாதீர்கள். விரலிடுக்கால் பார்த்துவிடும். அழுத்தி மூடினால் கையை எடுத்த பிறகும் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும். பஞ்சை வைத்து மேலே ஒரு துணியைத் தளர்வாகக் கட்டினால் போதும். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருக்கும் பிள்ளை, மற்றக் கண்ணை மூடியதும் அழுது துணியைப் பிடுங்குகிறது என்றால் அதைச் சும்மா விடாதீர்கள். தெரியாத கண்ணை மட்டும் திறந்து வைத்தால் பிள்ளைக்குப் பயம் வரும்.

இது டொக்டரின் பரிசோதனைக்குப் பதிலாகாது. வீட்டில் சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் பவர் இருக்கலாம்.

2. எந்த வயதில் காட்டுவது

பிறந்து இரண்டு மாதத்துக்குள் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் அசையும் பொருளோடு கண்ணும் போக வேண்டும். மூன்று நாலு மாதம் வரை கண் எப்போதாவது ஓரமாகப் போய்த் திரும்பலாம். அதற்குப் பிறகும் போனால் காட்டுங்கள். மிட்வைஃப் தருகிற பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டில் பார்வை பற்றிய கேள்விகளும் இருக்கின்றன. நிறைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள்.

குறைமாதத்தில், நிறை குறைந்து பிறந்த பிள்ளை என்றால், பிறந்து நாலு வாரத்தளவில் கண்ணின் விழித்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். அந்தத் திகதியைத் தவறவே விடாதீர்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்கும் நாலு வயதுக்கும் இடையில் ஒரு தடவை, தரம் ஒன்றில் சேர்க்குமுன் ஒரு தடவை, பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. பெற்றோரோ கூடப் பிறந்தவர்களோ சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டவர்களானால், அல்லது மாறுகண் உள்ளவர்களானால், முறைப்பாடு எதுவும் இல்லாவிட்டாலும் சீக்கிரமே காட்டுங்கள். அக்கா மகனைப் பார்த்த டொக்டர் வீட்டில் வேறு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். நாலு வயதான என் மகளை அடுத்த மாதமே கூட்டிப்போனேன். அவளுக்கும் இரண்டு கண்ணிலும் பிளஸ் பவர் இருந்தது. உடனே கண்ணாடி போட்டோம். இன்றைக்கு இரண்டு கண்ணும் 6/6, அதாவது சரியான பார்வை.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாறுகண் தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் பார்வைதான் போகும். தாய்ப்பால், பூச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

3. நாள் பார்க்காமல் ஓட வேண்டிய நேரங்கள்

போனில் வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அல்லது நேரில் பார்க்கும்போதே கண்மணிக்குள் வெள்ளையாக இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்புரையாக இருக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். குச்சி குத்தினாலும், தீபாவளி வெடி பட்டாலும், திடீரென்று கண் ஒரு பக்கம் இழுத்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று, வெற்றிலைச் சுண்ணாம்பு. பாட்டியின் சுண்ணாம்புப் பக்கற்றைப் பிள்ளை பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்தால் கண்ணையே கெடுத்துவிடும். அந்த இடத்திலேயே, இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை பதினைந்து இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வாகனம் தேடி ஓடுவது கழுவிய பிறகுதான்.

4. பாடசாலைப் பரிசோதனையும் அந்தத் துண்டும்

நாங்கள் விழுந்த குழி இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்திலிருந்து வந்து வைத்தியப் பரிசோதனை செய்வார்கள். அதில் கண் பார்வையும் உண்டு. நல்ல ஏற்பாடு, அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அக்கா மகன் தரம் ஒன்றில் அந்தச் சோதனையில் தேறிவிட்டான். எப்படி என்று வெகு நாள் கழித்து அவனே சொன்னான்: "முன்னுக்கு நின்ட எல்லாரும் அதேதானே சித்தி வாசிச்சாங்க. எனக்குப் பாடமாயிருச்சு." வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் நின்றிருக்கிறான். வலக் கண்ணுக்கு அட்டையில் ஒன்றும் தெரியாமலேயே கடைசி வரி வரை ஒப்புவித்திருக்கிறான். அவன் ஏமாற்ற நினைக்கவில்லை. அதையும் ஒரு பாடம் என்றே எண்ணியிருக்கிறான்.

அதனால் பரிசோதனைக்கு முதல் நாள் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்: தெரிந்ததை மட்டும் சொல்லு, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லு, யாரும் ஏச மாட்டார்கள். டீச்சரைத் தெரிந்தால், வரிசையை அட்டைக்குத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

தரம் நாலில்தான் குறை பிடிபட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டும்படி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து விட்டிருக்கிறார்கள். அது புத்தகப் பையின் அடியில் மழையில் நனைந்து, கூழாகி, ஐந்து மாதம் கழித்துப் பை துவைக்கும்போது என் கையில் வந்தது. பாடசாலையிலிருந்தும் யாரும் கேட்கவில்லை. பரிசோதனை நடந்த அன்று மாலையே பையைத் திறந்து பாருங்கள். துண்டு இல்லாவிட்டாலும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். துண்டு கிடைத்தவுடன் போனில் படம் எடுத்து வையுங்கள். தொலைந்துபோனால் எம்.ஓ.எச். காரியாலயத்துக்குப் போய் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் சொன்னால் வேறு எழுதித் தருவார். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

5. எங்கே போவது

துண்டு இல்லாமலும் போகலாம். கிட்ட இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் கண் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். மலையகத்தில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை இவற்றில் கண் பிரிவு இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கலாம், கண் பரிசோதனை அங்கே நடக்காது.

போகுமுன் கிளினிக் எந்தக் கிழமை, புதியவர்களை எந்த நாளில் எடுப்பார்கள், இலக்கம் எத்தனை மணியிலிருந்து கொடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஆஸ்பத்திரியின் தொலைபேசி இலக்கம் தெரியாவிட்டால் 1919க்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம். போயா நாளிலும் (பௌர்ணமி விடுமுறை) மற்ற அரசாங்க விடுமுறையிலும் கிளினிக் கிடையாது. கலண்டரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நான் முதல் தடவை கேட்காமல் போய், பெரியவர்களுக்கான கிளினிக் நாளில் போய் நின்று, இரவு ஏழு மணிக்கு வெறுங்கையோடு வீடு வந்தேன்.

தோட்டத்துக்கு வரும் "இலவசக் கண் முகாம்" பற்றி ஒரு வார்த்தை. சில நல்லவை. சிலவற்றில் கம்பியூட்டரில் கண்ணை வைத்து ஐந்து நிமிடத்தில் பவர் சொல்லி, அங்கேயே கண்ணாடிக்கு முற்பணம் வாங்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளையின் கண் தானாகவே இறுக்கிக் குவித்துப் பார்க்கும். சொட்டு மருந்து விட்டு அதைத் தளர்த்தாமல் எடுக்கும் அளவு பிழைக்கலாம். பிள்ளைக்கு முகாமில் கண்ணாடி வாங்காதீர்கள்.

6. பையில் வைக்க வேண்டியவை

பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழின் பிரதி, கூட்டிப்போகிறவரின் அடையாள அட்டை, துண்டு, முன்பு போட்ட கண்ணாடி இருந்தால் அது, குடிக்கும் மருந்துகளின் பெயர். கிளினிக் கொப்பிக்காக ஒரு கொப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் எல்லாம் எழுதுவார்கள்.

பெயரில் கவனமாக இருங்கள். நம் பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாடசாலையில் ஒரு மாதிரி, கிளினிக் அட்டையில் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். அக்கா மகனின் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் இரண்டாம் தடவை போனபோது அவனுடைய பதிவைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரமானது. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுபோய், பதிகிற இடத்தில் அதைக் காட்டுங்கள்.

தாய் வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம் அல்லது சித்தியிடம் வளர்கிறது என்றால், நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். சாதாரணப் பரிசோதனைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் மாறுகண் ஒப்பரேஷன் போன்றதற்குச் சம்மதக் கையெழுத்து கேட்கும்போது பெற்றோர் யார், எங்கே என்ற கேள்வி வரும். அந்த நாளில் போய் அலைய முடியாது.

7. கிளினிக் நாள்

நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டருக்கோ பரிசோதனைக்கோ காசு கிடையாது. செலவு பஸ், சாப்பாடு, போன நாளின் சம்பளம். அப்போது, 2024 கடைசியில், ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1350 ரூபா. முதல் தடவை வீட்டுக்காரரும் வந்ததால் அவருடைய பேரும் போனது. ஒருவரே சமாளிக்க முடியும் என்றால் ஒருவரே போங்கள்.

முதலில் அட்டையில் எழுத்து வாசிக்க வைப்பார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்குப் படம் அல்லது திசை காட்டும் அட்டை இருக்கும். "தமிழ் அட்டை இருக்கா மிஸ்?" என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளைக்குச் சிங்களம் புரியாவிட்டால் பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ஆனால் விடையை வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். வரிசையில் நின்ற ஒரு அம்மா பதற்றத்தில் சொல்லிவிட்டார். பாவம், மறுபடி முதலிலிருந்து.

பிறகு சொட்டு மருந்து. கொஞ்ச நேர இடைவெளியில் இரண்டு மூன்று தடவை விடுவார்கள், எரியும். கண்மணி விரிய முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும், கறுப்புக் கண்ணுக்கு இன்னும் கூட ஆகலாம். அதன் பிறகுதான் சரியான பவர் எடுப்பார்கள். ஆகவே அரை நாள் வேலை என்று நினைத்துப் போகாதீர்கள். நாங்கள் வெளியே வந்தபோது இரண்டு மணி.

சொட்டு விட்ட பிறகு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். தொப்பி கொண்டுபோங்கள், படியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். தவணைப் பரீட்சைக்கோ புலமைப்பரிசில் பரீட்சைக்கோ முந்திய வாரத்தில் திகதி விழுந்தால் மாற்றிக் கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சில சமயம் அட்ரோபின் மருந்தைத் தந்து, மூன்று நாள் வீட்டில் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அதன் மங்கல் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். முகம் சிவந்து, காய்ச்சல் போலச் சுட்டு, வாய் வறண்டால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். போத்தல் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், விழுங்கினால் அது விஷம்.

வெளியே வருமுன் மூன்று கேள்வி கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்: கண்ணாடியை நாள் முழுக்கப் போட வேண்டுமா? ஒரு கண்ணை மூடும் மறைப்பு ஒட்ட வேண்டுமா, எந்தக் கண்ணில், எத்தனை மணி நேரம்? அடுத்த திகதி என்ன?

8. கண்ணாடி வாங்குவது

கையில் பணம் இல்லாவிட்டால் கண்ணாடி வாங்காமல் இருந்துவிடாதீர்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வழி இருக்கிறதா என்று பி.எச்.ஐ.யிடமும் கிளினிக்கிலும் கேளுங்கள்.

கடையில் வாங்குவதானால் இரண்டு கடையிலாவது விலை கேளுங்கள். ஒரே பவருக்கு ஒரு கடையில் 14,000 ரூபா சொன்னார்கள், இன்னொரு கடையில் 8,500க்கு முடித்தோம். பிள்ளைக்குக் கண்ணாடி வில்லை வேண்டாம், உடைந்தால் கண்ணில் குத்தும், பிளாஸ்டிக் வில்லை கேளுங்கள். சட்டம் மூக்கில் வழுக்காமல் நிற்க வேண்டும். "வளர்ற பிள்ளை" என்று பெரிய சட்டம் வாங்கினால் பிள்ளை கண்ணாடிக்கு மேலால் பார்க்கும். சின்னவர்களுக்குப் பின்னால் கட்டும் பட்டி நல்லது. வாங்கிய கண்ணாடியை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் பவர் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். டொக்டர் எழுதிய தாளைக் கடையில் விட்டுவிடாமல் திருப்பி வாங்குங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்பது தவறு. "பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று என் மகளைப் பார்த்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பார்வையில்லாத கண்ணோடு அவள் வாழ வேண்டுமா என்று திருப்பிக் கேட்டேன்.

9. கண் மறைப்பு

சோம்பல் கண் என்றால் கண்ணாடியோடு மறைப்பும் சொல்வார்கள். நல்ல கண்ணைத்தான் மூட வேண்டும். மங்கலான கண் வேலை செய்து பழகுவதற்காக. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் மூன்று வாரம் மாற்றி ஒட்டியிருந்தார்கள். மறைப்பைத் தோலோடு ஒட்ட வேண்டும், கண்ணாடியின் மேல் ஒட்டினால் ஓரத்தால் பார்த்துவிடும்.

அக்கா மகனுக்கு தினம் இரண்டு மணி நேரம். பாடசாலைக்கு ஒட்டி அனுப்பிய முதல் நாள் பிள்ளைகள் கேலி செய்து அழுதுகொண்டு வந்தான். அதன் பிறகு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை வீட்டில். சும்மா உட்கார வைத்தால் பிய்த்துவிடுவான். சுளகில் பருப்பைக் கொட்டி, கல் பொறுக்கச் சொன்னேன். முதல் வாரம் பருப்பும் கல்லும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தன, விரலால் தடவித் தடவித்தான் எடுத்தான். மூன்றாம் மாதம் சுளகைத் தூரத்தில் வைத்துக்கொண்டே பொறுக்கினான். கரம் விளையாட்டு, படத்துக்கு வர்ணம் தீட்டுவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் நல்லது.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். நான் வேலையில் இருக்கும்போது அம்மா இரக்கப்பட்டு மறைப்பைக் கழற்றிவிடுவார். கிளினிக்கில் மிஸ் ஒருவர் அம்மாவுக்கே விளக்கிச் சொன்ன பிறகுதான் நின்றது.

தொடங்கும்போது வலக் கண் 6/60, அதாவது நல்ல கண் அறுபது மீற்றரில் காண்பதை அந்தக் கண் ஆறு மீற்றரில்தான் கண்டது. பதினாலு மாதத்தில் 6/18 வந்திருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு வரும் என்று டொக்டர் வாக்குத் தரவில்லை.

10. அடுத்த திகதி

கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ, மறைப்பு ஒட்டும் பிள்ளைக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். மறைப்புக் காலத்தில் நல்ல கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் அந்தத் திகதிகளைத் தள்ளிப் போடக்கூடாது. கொழுந்து கூடிய மாதத்தில் லீவு கேட்பது கஷ்டம்தான். திகதி தெரிந்த அன்றே கிளினிக் கொப்பியைக் காட்டித் தோட்டத்து ஐயாவிடம் சொல்லி வைத்தால் முதல் நாள் சண்டை வராது.

போக முடியாமல் போனால் கைவிட்டுவிடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு போய் நடந்ததைச் சொல்லுங்கள், ஏசினாலும் பார்ப்பார்கள். கொப்பி முடிந்துவிட்டால் பழையதைப் புதியதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். முதல் நாள் எடுத்த பவரை டொக்டர் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்க்கிறார்.

அக்கா மகனின் கொப்பி இப்போது மூன்றாவது. அடுத்த திகதி வரும் 18, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு என் மகளுக்கும் சேர்த்தே கேட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு பஸ் செலவோடு முடியும்.